ஒரு முழமும் நான்கு விரலும்

எங்கள் வெர்னாயில் மொத்தம் பதினொரு வீடு. அதில் நான்கைப் பால்வீடு என்போம். அங்கே மாடு நிறைய இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். மாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் மோர்வான் மலைப் பக்கத்துப் பெண்கள் பிள்ளை பெற்ற கையோடு பாரிஸ் போவார்கள். அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம். அந்தச் சம்பளத்தில் இங்கே வைக்கோல் கூரை இறங்கிச் சிலேட்டுக் கல் கூரை ஏறும். அவள் பெற்ற பிள்ளை கிழவிகள் கையில் வளரும். வளர்ந்தால்.

மேற்குக் கோடியில் இருக்கும் நான்காவது பால்வீடு பிலிபெர்த்துடையது. அவளை இந்தப் பிப்ரவரியில் அடக்கம் பண்ணினோம். பெட்டி செய்தது நான்தான். வண்டி ஓட்டுவதுதான் என் தொழில் என்றாலும் எங்கள் ஊரில் ரம்பம் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வீட்டுக்கு நான் செய்த முதல் பெட்டியைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பிலிபெர்த் எங்கள் ஊருக்கு வாழ வந்தாள். பெரிய எலும்புக்காரி. சிரித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். புருஷன் லசார், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள். மாமியார் க்ளோதீன் கெட்டவள் இல்லை. ஆனால் முப்பது வருஷம் ஒழுகுகிற வைக்கோலுக்குக் கீழே படுத்து எழுந்தவள். மழை பெய்தால் கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டே அவளுக்கு இடுப்பு வளைந்துவிட்டது.

செப்டம்பரில் பிலிபெர்த்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அந்தோஷ் என்று ஞானஸ்நானம் பண்ணினார்கள். அதே வாரத்தில் என் மனைவி பெனுவாத்துக்கு மார்த் பிறந்தாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவை.

அக்டோபர் கடைசியில் தரகர் வந்தார். பிலிபெர்த்தின் பாலை ஒரு கரண்டியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அவள் பல்லைப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"சந்தையில மாட்டுக்குப் பல்லோட விட்டுடுவாங்க ஐயா. எனக்கு வாலும் இருக்கான்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள் பிலிபெர்த்.

தரகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது க்ளோதீனைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், பெரியம்மா. இங்க என்ன ஆனாலும் சரி, அவளுக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது. துக்கம் கேட்டா ஒரே நாள்ல பால் வத்திடும். வத்திச்சுன்னா அன்னைக்கே ரயிலேத்தி அனுப்பிடுவாங்க."

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அவள் கிளம்பினாள். பிள்ளைக்கு ஏழு வாரம். வண்டியில் ஏறுமுன் நூல் நூற்கும் கதிரில் இருந்த சணல் நூலை இழுத்து, தொட்டிலில் கிடந்த பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து எடுத்தாள்.

"அத்தை, எனக்கு எழுத்துத் தெரியாது. அங்க யாராவது கடுதாசியப் படிச்சுச் சொல்லுவாங்க. அவங்க என்னத்தப் படிச்சாங்கன்னு நான் எங்க கண்டேன்? மூணு மாசத்துக்கு ஒரு தரம் இந்த மாதிரி நூல் ஒண்ணு அளந்து கடுதாசிக்குள்ள வெச்சு அனுப்புங்க. அது போதும் எனக்கு" என்றாள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, கடுதாசி தபாலுக்குக் கொண்டு போறது நீதானே? நூல் இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுப் போடு" என்றாள்.

சரி என்றேன்.

தரகர் ஒரு பால்புட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிப் புட்டி, அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய், குழாய் நுனியில் காம்பு. புட்டியைத் தொட்டிலில் வைத்துவிட்டால் போதும், பிள்ளை தானாகக் குடித்துக்கொள்ளும், கிழவி மாட்டைப் பார்க்கப் போகலாம். அந்தக் குழாயின் உள்ளே கழுவ எந்தக் குச்சியும் போகாது. புளித்த பால் அதிலேயே தங்கும். இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அது பாரிஸ் சாமான். க்ளோதீன் அதை அலட்சியமாக வைத்துக்கொள்ளவில்லை. நல்ல துணியில் சுற்றித்தான் வைத்திருந்தாள்.

ஜனவரியில் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஐந்து நாள். ஊரெல்லாம் பனி, வைத்தியரைக் கூட்டி வரப் பாதை இல்லை. ஆறாம் நாள் காலையில் லசார் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். எனக்குப் புரிந்துவிட்டது. பலகை ஏதும் கைவசம் இல்லாததால் என் வண்டியின் பக்கப் பலகை ஒன்றைக் கழற்றினேன். அளவெடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். கோல் எடுத்துப் போக மறந்துவிட்டேன். பிள்ளையின் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், அதற்கு மேல் நான்கு விரல்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுத் தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூட்டைவிட்டுப் போய்விடும். க்ளோதீனே தோட்டத்துக்குப் போய், அங்கே தேனீ வளர்த்த நான்கு கூட்டையும் வீட்டுச் சாவியால் மெல்லத் தட்டி, "சின்ன எசமான் போயிட்டாருங்க. நீங்க எங்கள விட்டுப் போயிடாதீங்க" என்று ஒவ்வொன்றிடமும் சொன்னாள். ஒவ்வொரு கூட்டிலும் கறுப்புத் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டினாள். கட்டின துணியைக் கையால் அவிழ்க்கக் கூடாது. மழையிலும் வெயிலிலும் இற்று அதுவாக விழ வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் க்ளோதீன் எங்கள் பதினொரு வீட்டுக்காரர்களையும் நிறுத்தினாள்.

"அவ அனுப்பற பணத்துல புது வீட்டுச் சுவரு தலை ஒசரம் வந்தாச்சு. கூரை இல்ல. இப்ப அவளுக்குச் சொன்னா பால் நிக்கும், சம்பளம் நிக்கும், சுவரு மழையில கரையும். பிள்ளையும் வரப்போறதில்ல. அவ வந்ததும் நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. மற்ற மூன்று பால்வீட்டுக்காரர்கள் முதலில் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த வீட்டுக்குச் சிலேட்டுக் கல் ஏற்றிவரும் வேலை எனக்கு என்று பேச்சாகியிருந்தது. அதை மறைத்து என்ன.

பிப்ரவரியில் கடுதாசி போக வேண்டிய நேரம் வந்தது. வாத்தியார் முதலில் முரண்டு பிடித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். பிள்ளை சௌக்கியம், ஒரு பல் தெரிகிறது. அந்தப் பல் என் மார்த்தின் பல். நூல்தான் பாக்கி. க்ளோதீன் கதிரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"டேய் ஜெர்மேன், ஒம்பொண்ணும் அவனும் ஒரு வாரத்துப் பிள்ளைங்கதானே" என்றாள்.

பெனுவாத் மார்த்தை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "செத்த பிள்ளைக்கு உசுரோட இருக்கற பிள்ளைய அளக்கறதா? ஒங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

"நூல் இல்லாத கடுதாசி போனா அவளுக்குத் தெரிஞ்சிடும்டி. ஒனக்கென்ன, ஒம்பிள்ள ஒன் மார்ல கெடக்குது."

"அதனாலதான் சொல்றேன்!"

கடைசியில் பிள்ளையை வாங்கி மேஜையில் கிடத்தியது நான். காலை நீட்டிப் பிடித்ததும் நான். மார்த்துக்கு அது விளையாட்டு. நூலைப் பிடித்து இழுத்துக் கெக்கலித்தாள். க்ளோதீன் முடிச்சுப் போட்டாள்.

அந்த மாதிரி ஐந்து நூல் போயிற்று. மார்த் தவழ்ந்ததும் நின்றதும் பதின்மூன்றாம் மாசத்தில் நடந்ததும் எல்லாம் பாரிஸுக்குப் போயிற்று. ஒவ்வொரு தரமும் நான் உறையைத் தொட்டு, நூல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தபாலில் போட்டேன். அவள் சொல்லிவிட்டுப் போனது அது ஒன்றுதானே.

மறு வருஷம் ஏப்ரல் கடைசியில் அவள் திரும்பி வந்தாள். ரயிலடியிலிருந்து எங்கள் ஊருக்கு நான்கு மணி நேரம், மேடு. "வழியில ஒண்ணும் சொல்லாத. வீட்டுக்குள்ள வந்து உக்காந்ததும் நான் சொல்றேன்" என்று க்ளோதீன் எச்சரித்து அனுப்பியிருந்தாள். வீட்டிலிருந்த தொட்டில், துணி, புட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றி வைக்கோலால் மூடிவிட்டிருந்தாள்.

பிலிபெர்த் சதை போட்டிருந்தாள். தலையில் அந்த வீட்டுக்காரி கொடுத்த வெள்ளைக் குல்லா, முதுகு வரை தொங்கும் நீல நாடா.

"என்ன அண்ணே, குதிரைக்கு ஒரே எலும்பா இருக்கு? பாரிஸ்ல நாய்கூட இதவிடப் புஷ்டியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும் பக்கப் பலகையைத் தட்டினாள். "புதுப் பலகை போட்டிருக்க."

"ஆமா" என்றேன்.

வழி முழுக்க அவள்தான் பேசினாள். அந்த வீட்டில் தினம் இறைச்சி. கறுப்பு ரொட்டி கேட்டால் சிரிப்பார்களாம். அந்தப் பிள்ளை இவளைப் பிரிய மாட்டேன் என்று குல்லா நாடாவைப் பிடித்துக்கொண்டு கத்திற்றாம். பாதி வழியில் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தாள். ஆறு நூல்களையும் மடியில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நீட்டி வைத்தாள்.

"இது நான் எடுத்தது. மத்ததெல்லாம் நீங்க அனுப்பினது. ஒரு வேடிக்கை கேளு. ஒவ்வொரு நூல் வரும்போதும் அந்த வீட்டுப் பிள்ளைய அளந்து பாப்பேன். என் பால் முழுக்கக் குடிச்சான் அவன், எம்பையனவிட ரெண்டு விரல் கட்டை! என் பால் இல்லாமலே எப்படி வளந்திருக்கான் பாத்தியா எம்பய?"

நான் குதிரையை அதட்டினேன். அது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணே, அம்மான்னு சொல்றானா? அத்தையத்தான் அம்மாங்கறானோ? சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். ஒரு வாரத்துல மாத்திடுவேன்."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கோ" என்றேன்.

ஊர் வளைவில் அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. சற்றுமுன் பெய்த தூறலில் சிலேட்டுக் கல் நீலமாகப் பளபளத்தது. "அம்மாடி, மேயர் வீடு மாதிரியில்ல இருக்கு!" என்று கை தட்டினாள். அடுத்து வண்டி தோட்டத்தை ஒட்டித் திரும்பியது. தேன்கூடுகள் நான்கும் அங்கேதான். க்ளோதீன் எல்லாவற்றையும் யோசித்தவள். அந்தத் துணி மட்டும் தினம் கண்ணில் பட்டுப் பட்டு அவள் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. எனக்கும்தான். வெளுத்துச் சாம்பல் நிறத்தில், நார் நாராக, நான்கு கூட்டிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது.

பிலிபெர்த் பேச்சை நிறுத்தினாள். தேன்கூட்டைப் பார்த்தாள். வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"அத்தை நிக்கறாங்க" என்றாள் மெதுவாக. "அவரு நிக்கறாரு." அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. "அண்ணே, வண்டிய நிறுத்து."

நிறுத்தினேன். இறங்கி வீட்டுப் பக்கம் போகாமல் தேன்கூட்டுக்குப் போனாள். துணியைத் தொட்டாள். அது எவ்வளவு நாள் மழை பார்த்திருக்கும் என்று விரலால் நெருடிப் பார்த்தாள். க்ளோதீன் ஓடிவந்து, "உள்ள வாம்மா, உள்ள வந்து உக்காரு, சொல்றேன்" என்று கையைப் பிடித்தாள்.

"பூச்சிக்குச் சொன்னீங்க, அத்தை" என்றாள் பிலிபெர்த். "பூச்சிக்குச் சொல்லியிருக்கீங்க."

லசார் வாசலில் உட்கார்ந்து அழுதான். அவள் அழவில்லை. புது வீட்டுக்குள் போகவும் இல்லை. அன்றைக்கு மாட்டுக்கொட்டிலில் போய்ப் படுத்தவள், பிறகு கடைசி வரை அங்கேதான் படுத்தாள்.

நான்காம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மார்த் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பிலிபெர்த் மண்டியிட்டு, அவளைப் படுக்கவைத்து, கடைசியாகப் போன ஐந்தாவது நூலை நீட்டிப் பிடித்தாள்.

"ஒரு விரல் அதிகமா வளந்திருக்கா. ரெண்டு மாசம் ஆச்சுல்ல" என்றாள். பிறகு தலையைத் தூக்கினாள். "அளக்கறப்ப இவள யாரு பிடிச்சது?"

"நான்" என்றேன்.

"அழுதாளா?"

"இல்ல. சிரிச்சா."

ஐந்து நூலையும் பெனுவாத் கையில் வைத்தாள். "இது ஒம்பொண்ணோடது, வெச்சுக்க. கடுதாசியில எழுதினதும் இவதானே? பல்லு, நடந்தது, எல்லாம்?" பெனுவாத் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

"பொட்டி யாரு செஞ்சா?" என்று கேட்டாள் பிலிபெர்த்.

"நான்தான்."

"அப்ப ஒனக்குத் தெரியும். இவ்வளவு நாள் பொய்யா அளந்தீங்க. நெசமானத அளந்து குடு."

பெனுவாத் கதிரை எடுத்து நீட்டினாள். நான் சட்டைக் கையை மடித்து, முழங்கையில் நூலை வைத்து, நடுவிரல் நுனி வரை இழுத்து, அதற்கு மேல் நான்கு விரல் வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் தான் எடுத்து வைத்திருந்த முதல் நூலோடு சேர்த்துப் பிடித்தாள். முனைகளைச் சரி பண்ணினாள்.

"நான் போனதுக்கப்புறம் ரெண்டு விரல் வளந்திருக்கான்" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு நூலையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இருபத்து மூன்று வருஷம் இருந்தாள். வேறு பிள்ளை இல்லை. வயலில் இரண்டு ஆள் வேலை செய்தாள். புது வீட்டுக்குள் தரை கழுவவும் கஞ்சி காய்ச்சவும் மட்டும் போவாள். க்ளோதீன் கடைசி ஆறு வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். அவளுக்கு மூன்று வேளையும் பால் ஊட்டியது பிலிபெர்த்தான், கரண்டியால், வாயைத் துடைத்துத் துடைத்து. ஒரு வேளை தவறியதில்லை. மழை பெய்கிற நாளில் மட்டும் அந்தக் கட்டில் பக்கத்தில் போய் நின்று கேட்பாள்.

"கூரை ஒழுகலையே, அத்தை?"

பேச்சு போன க்ளோதீன் கண்ணை மூடிக்கொள்வாள். ஆறு வருஷ மழைக்கும் இது நடந்தது. லசார் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவான்.

மார்த் வளர்ந்த பிறகும் பிலிபெர்த் அவளைத் தெருவில் கண்டால் ஒரு நொடி நின்று தலையிலிருந்து கால் வரை பார்ப்பாள். பிறகு போய்விடுவாள். மார்த்துக்குச் சின்ன வயதில் அது பயம். கல்யாணத்துக்கு முன்னால் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

பிப்ரவரியில் பிலிபெர்த்தைப் பெட்டியில் வைக்கும்போது கை மூடியிருந்தது. இரண்டு நூலும் உள்ளே இருந்தன. அப்படியே வைத்துப் பலகையை அடித்தேன். தேன்கூட்டுக்குச் சொல்ல லசாருக்குத் தெம்பு இல்லை. நான் போய்த் தட்டிச் சொன்னேன்.

ஜூனில், அருளப்பர் திருநாளுக்கு மறுநாள் என் மார்த்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. லெயோனி. இந்த வயதில் நான் இப்படி ஆவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் தும்மினால் நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவருகிறேன். என் மீசையைப் பிடித்தாள் என்றால் விட மாட்டாள். வலிக்கிறது, இருந்தாலும் குனிந்துகொண்டே இருக்கிறேன். தலையில் மயிர் ஒரு பக்கம் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கிறது. பாதிரியார்கூட அதைத் தடவிப் படிய வைக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்.

ஆகஸ்டில் புதுத் தரகர் ஒருவன் வந்தான். பழையவரின் மருமகன். வாசலில் நின்று எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தான். எங்களுடையது இன்னும் வைக்கோல்தான்.

"ஒழுகுது போல இருக்கே" என்றான்.

"ஒழுகட்டும். எங்களுக்குக் கட்டில இழுத்துப் போடத் தெரியும். நீங்க போங்க" என்றாள் மார்த், மார்பிலிருந்து பிள்ளையை விலக்காமலே.

லெயோனிக்கு இப்போது நான்காம் மாசம் நடக்கிறது. எனக்கு ஒரு பழக்கம். தினம் சாப்பிட்டதும் அவளைக் கைமேல் படுக்கவைத்துக்கொள்வேன். முழங்கை வளைவில் தலை, கால் என் விரல் பக்கம். பிறந்தபோது குதிகால் உள்ளங்கை தாண்டி வரும். பிறகு விரல் நுனி. பிறகு ஒரு விரல் வெளியே, இரண்டு விரல் வெளியே. மூன்று விரல் ஆனதிலிருந்து தினம் ஒரு தரம் போதாமல் இரண்டு தரம் படுக்கவைத்துப் பார்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மற்றக் கையை எடுத்து, என் நடுவிரல் நுனிக்கு அப்பால் நான்கு விரலை வைத்தேன். குதிகால் அதற்கும் வெளியே இருந்தது. ஐந்தாவதாகக் கட்டை விரலையும் வைத்துப் பார்த்தேன்.

அடுப்பங்கரையிலிருந்து பெனுவாத் பார்த்துவிட்டாள். "பிள்ளைய அளக்காதய்யா" என்றாள்.

"அளக்கல. சும்மா வெச்சிருக்கேன்" என்றேன்.

லெயோனி காலை உதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நல்ல சத்தம், ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "மார்த், ஒம்பொண்ணுக்குப் பசி!" என்று கத்தினேன். மார்த் ஈரக் கையைத் துடைத்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.